எடுக்காத போனில் கேட்ட தாலாட்டு

போன வருஷம் ஆடி மாதம் முழுக்க என் காதில் இரண்டு பாட்டுகள்தான் இருந்தன. இரண்டும் நான் தேடிப் பிடித்தவை அல்ல. என் மகளுக்குப் போன் அடித்தால், அவள் எடுக்கும்வரை காதில் பாடுமே, அந்தப் பாட்டுகள். காலர் ட்யூன் என்கிறார்கள்.

அவள் தை மாதத்தில் தன்னோடு வேலை செய்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் மாலையும் கழுத்துமாக வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"இந்த வாசப்படிய மிதிச்ச, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கையில் கரண்டி. மகள் அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "யம்மா, நீயாவது ஒரு வார்த்த சொல்லு" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிற்க வைத்துக் கேட்டால், பதில் தெரிந்திருந்தும் அழுதிருக்கிறேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள். மண்ணூரில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருப்பதாகப் பிறகு தெரிந்தது.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். எங்கள் பக்கம் எவ்வளவு இல்லாதவர்களும் இதை விடமாட்டார்கள். அழைக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்குத் தாய் வீடே இல்லை என்று ஆகிவிடும். ஆனி கடைசியிலேயே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் கேட்கத் துணிச்சல் இல்லை. முதலில் அவளை அழைத்துவிடலாம், அப்புறம் இவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறேன். மதியத் தட்டுகள் முடிய இரண்டே முக்கால் ஆகும். பின்பக்கம் சிலிண்டர் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்றுகொண்டு போன் அடிப்பேன். அப்போது வந்தது ஒரு குத்துப் பாட்டு. மேளமும் விசிலுமாக, தன் பெண்டாட்டியைப் போல ஊரில் ஒருத்தி உண்டா என்று ஒருத்தன் பாடுவான். முதலில் காது கூசியது. போகப் போக, அது என் மருமகனே பாடுவதுபோல இருந்தது. என் மகளை ஒருத்தன் இப்படிக் கொண்டாடுகிறானே என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

இரண்டு தடவை அவள் எடுத்தாள். "ஹலோ... யம்மாவா? பேசு மா." நான் சொல்ல வைத்திருந்தது ஒரே வாக்கியம். ஆடிக்கு வீட்டுக்கு வா. அது தொண்டைக்கு மேலே வரவில்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. "மூச்சு வுடறதுக்கா போன் பண்ண?" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டாள். பாட்டு மட்டும் ஒரு இடம்வரை பாடும். பிறகு ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்தவர் எடுக்கவில்லை என்று சொல்லும். அந்த இடத்துக்கு மேல் பாட்டு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அதே பாட்டைப் போட்டார். நான் கேட்காத மிச்சப் பாட்டு வந்தபோது, மகளிடமிருந்து ஏதோ சேதி வந்ததைப்போல வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் சேதி ஒன்றும் இல்லை.

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். போன் அடித்தால் பாட்டு மாறியிருந்தது. ஒரு பெண் குரல், மெதுவாக, தாலாட்டு. கண்ணே உறங்கு என்கிற மாதிரி. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

என்னோடு தட்டு கழுவும் பெண்ணுக்கு வாய் நீளம், மனசு நல்லது. அவளிடம் காதில் வைத்துக் காட்டினேன்.

"இன்னா ஆயா, இதுகூடப் புரியலியா? சும்மாவா ஒருத்தி தாலாட்ட வெப்பா? உம் பொண்ணு முழுவாம கீறா. வாயால சொல்ல ரோசம், பாட்டுல சொல்றா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் பேசாதவள், அவளாவது இப்படிச் சொல்கிறாளே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தினமும் அந்தத் தாலாட்டைக் கேட்கவே போன் அடித்தேன். அவள் எடுத்துவிடக் கூடாதே என்றுகூட ஒரு நாள் இருந்தது. எடுத்தால் பாட்டு நின்றுவிடும். வேலை செய்யும்போது என்னை அறியாமல் பாடினேன். "ஆயா, தட்டுங்க தூங்கிடப் போவுது, கழுவினு பாடு" என்று கூடத் தட்டு கழுவுகிறவள் சிரித்தாள்.

ஆடிப்பூரத்தன்று அம்மனுக்குச் சாற்றிய வளையல்களைக் கோயிலில் கொடுத்தார்கள். கூட்டத்தில் கை நீட்டி ஒன்றும் வாங்காத நான் அன்றைக்கு முட்டி மோதிக்கொண்டு போய், "மாசமா கீற பொண்ணுக்கு" என்று கேட்டு ஒரு டஜன் வாங்கினேன். பச்சைக் கண்ணாடி வளையல். நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் வேலைக்கு என்று சொல்லிவிட்டு மண்ணூருக்குப் போனேன்.

மருமகன்தான் கதவைத் திறந்தான். "அத்தே... உள்ள வாங்க" என்றான். மகள் பாயில் சுவர்ப் பக்கம் படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் வளையலை நீட்டினேன்.

"ஆடிப்பூரம் வளையல். உனுக்குத்தான்."

அவள் வாங்கவில்லை. "யார் சொன்னா உனுக்கு?"

"பாட்டு" என்றேன்.

"இன்னா பாட்டு?"

"உன் போன்ல. தாலாட்டு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "அது இன்னுமா பாடுது? நீ மாத்தலியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் எப்பவும் வாட்ஸப்புலதான கூப்பிடுதேன். அதுல பாட்டு வராதுல்லா. நெனப்பே இல்ல."

அவன்தான் சொன்னான். அவள் உண்டாகியிருந்தது தெரிந்த அன்றைக்கு ஆசையாகப் பாட்டை வைத்திருக்கிறாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கலைந்துவிட்டது. வைத்தவளுக்கு அந்தப் பாட்டு கேட்காது, அடிக்கிறவர்களுக்குத்தான் கேட்கும். அடித்தவள் நான் ஒருத்திதான். இல்லாத பிள்ளைக்குப் பத்து நாளாக நான் சந்தோஷமாகத் தாலாட்டுக் கேட்டிருக்கிறேன்.

"ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தேன்" என்றாள் மகள். "ரெண்டே முக்காலுக்கு உன் நம்பர் வந்துது. எட்த்தா மூச்சுதான் வுடுவ. அப்போ என்னால அதக் கேக்க முடியாதுன்னு எடுக்காம வுட்டுட்டேன்."

நான் பாயோரம் உட்கார்ந்தேன். வளையலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எத்தனையோ நாளாக வராத வாக்கியம் அப்போதுதான் வந்தது. "ஆடிக்கு வூட்டுக்கு வா."

"அப்பாகிட்ட சொல்ட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மறுபடியும் வாசல்ல நின்னு பேச்சு வாங்கறதுக்கா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் போய் நின்று சொன்னேன். "பொண்ணுக்குக் கலைஞ்சி போச்சி. கூட்டினு வரணும்." நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அவருக்கே புதுசு. டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "கூட்டினு வா. அவ இருக்கறவரைக்கும் நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் போன் அடித்தேன். பாட்டு இல்லை. வெறும் மணிதான் அடித்தது. எடுத்தாள். நான் உடனே பேசினேன், எங்கே நின்றுவிடுமோ என்று வேகவேகமாக. அப்பா சொன்னதை மறைக்காமல் சொன்னேன்.

"அப்பா இருக்க மாட்டாரா? அப்ப நான் யாரு வூட்டுக்குமா வரது?"

"என் வூட்டுக்கு வா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அப்படி ஒன்று எனக்கு இருக்கிறதா என்று யோசித்தேன். அவளும் அதைத்தான் யோசித்திருப்பாள். அவள் போனை வைக்கவில்லை. இந்தத் தடவை அவளுடைய மூச்சுதான் கேட்டது. ஆடி முடிந்து ஆவணியும் பிறந்துவிட்டது. அவள் வரவில்லை.