பானைக்குள் முழங்கிய பேஸ்

எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவனை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். அது அவனே போட்ட உத்தரவு. பகலில் ஆவடியில் ஒரு ஃபேக்டரி ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பான். சாயங்காலம் ஆனால் போதும், தலைக்கு எண்ணெய் தடவி, சில்க் சட்டையை மாட்டிக்கொண்டு சங்கீத மேதை ஆகிவிடுவான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவனுடைய மச்சினன் துபாயிலிருந்து ஒரு கீபோர்டு வாங்கிவந்து கொடுத்தான். அதோடு பிடித்தது எனக்குச் சனியன்.

நான் அந்தக் குழுவில், பாட்டுக்கு அடியில் உறுமிக்கொண்டே வருகிற பேஸ் கிடார் வாசித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் வேலை. திருவிழா, கல்யாணம் என்று வந்தால் கொரட்டூர் வீட்டிலிருந்து கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மேடையில் பேஸ்காரனை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். டிரம்ஸுக்குப் பக்கத்தில், சீரியல் பல்பு வெளிச்சம் எட்டாத மூலையில் நிற்க வேண்டும். நாம் வாசிப்பதும் யாருக்கும் தெரியாது. நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று தலையைத் திருப்புவார்கள். இருந்தாலும் அந்த மூலை என்னுடையது. வாரம் முழுக்கத் தகடு வெட்டுகிறவனுக்கு அதை விட்டால் வேறு என்ன இருந்தது? ஒன்றுமில்லை.

கீபோர்டு வந்தபிறகு மாஸ்டருக்கு அந்த மூலை கண்ணை உறுத்த ஆரம்பித்தது. இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடலாம், அதற்கு எதற்குத் தனியாக ஒரு ஆள், வேனில் எதற்கு ஒரு சீட் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் இடது கையை எனக்குத் தெரியாதா? டீ கிளாஸைத் தவிர வேறு எதையும் அது ஒழுங்காகப் பிடித்ததில்லை. ஒருநாள் ரிகர்சல் முடிந்ததும் என்னிடமே வந்தான்.

"நைனா, நீ வாசிக்கிறது எனக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. நம்ம பாட்டுங்கள ஊட்லயே கேசட்ல போட்டு எடுத்துகினு வா. கேட்டுட்டு சொல்றேன், நீ வேணுமா வேணாமான்னு."

டிரம்ஸ் மாதிரி தானாகவே அடிக்கிற ரிதம் பாக்ஸ் மெஷினின் தாளத்தைப் பதிந்த கேசட் ஒன்றையும் கையில் திணித்தான். ஸ்டீரியோவில் இடது ஸ்பீக்கரில் அந்தத் தாளம், வலது ஸ்பீக்கரில் என் பேஸ் மட்டும் வர வேண்டுமாம். அப்போதுதான் தப்பு பளிச்சென்று தெரியுமாம். தப்புக் கண்டுபிடிக்கிற மூஞ்சியைப் பார்!

வீட்டில் மைக் வைத்துப் பதிவு செய்வதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. குக்கர் விசிலும் ரயில் ஹாரனும் பக்கத்து வீட்டுச் சண்டையும் பேஸைவிடக் கணீரென்று விழும். அதனால் கிடார் வயரை நேரே என் அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபையரில் சொருகி, அங்கிருந்து இரவல் வாங்கிய டேப் டெக்குக்குக் கொண்டுபோனேன். தாளக் கேசட்டை இன்னொரு டேப்பில் ஓடவிட்டு அதன் வயரையும் டெக்கில் சொருகினேன். தெருச்சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே வரவில்லை. பேஸ் நாபை முழுக்கத் திருகினேன். ஸ்பீக்கர் அதிர்ந்த அதிர்வில் ஜன்னல் கம்பி கிடுகிடுத்தது. ஆகா, இதுவல்லவோ பேஸ் என்று பூரித்துப்போய், எல்லாப் பாட்டையும் அப்படியே பதிந்துவிட்டேன்.

ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது. மண்பானை வாயில் ஸ்பீக்கரை உட்கார வைத்துவிடுவார்கள். சலூனிலும் பானை, டீக்கடையிலும் பானை. 'தும் தும்' என்று உறுமினால் பேஸ் நல்லா கீது என்று மெச்சிக்கொள்வார்கள். என் வீட்டிலும் அந்தக் கருமம்தான் இருந்தது.

மாஸ்டரிடம் கொடுக்கும் முன் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று கேசட்டை முத்தாபுதுப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவிடம் எடுத்துப் போனேன். அவள் சமையலறையில் இருந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த சின்ன டூ-இன்-ஒன்னில் போட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இதுல நீ எங்கடா கீற? யாரோ கதவத் தட்ற மாதிரிதான் கீது."

உண்மைதான். தாளத்துக்கு நடுவே, நரம்பை மீட்டுகிற பிளெக்ட்ரம் வில்லை படுகிற 'டக் டக்' மட்டும்தான் வந்தது. எனக்கு மானமே போயிற்று. வீட்டில் முழங்கியது முழுக்கப் பானை. பானை வாசித்ததை நான் வாசித்ததாக நினைத்து மார் தட்டியிருக்கிறேன், மடையன். அந்த ஆழமான சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கரால் சொல்லவே முடியாது என்பதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் வாசித்திருக்கிறேன்.

அக்காவின் டூ-இன்-ஒன்னையே கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தேன். பானையைக் கழற்றிக் கொல்லையில் கடாசினேன். பேஸ் நாபைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். மனசே வரவில்லை, இறக்கினேன். நடுச்சத்தத்துக்கு உண்டான நாபை ஏற்றினேன். செத்துக் கிடந்த நரம்புகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்தேன். அழுக்கு போனதும் பழைய கணீர் திரும்பி வந்தது. சோற்றுப் பாத்திரத்தில் கம்பியை வேக வைக்கிறாயே, உருப்படுவாயா என்று அம்மா பிடித்துக்கொண்டாள். பிளெக்ட்ரமைத் தூக்கிப் போட்டுவிட்டு விரல் சதையால், கிடாரின் கழுத்துக்குப் பக்கத்தில் மீட்டினேன். ஒரு ஸ்வரத்தை ஓங்கி அடித்தால் டெக்கில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நசுங்கியது. எல்லாவற்றையும் ஒரே அளவாக மீட்டினால்தான் டேப் தாங்கியது. ஒரு ஸ்வரத்தைப் பாதியில் வெட்டாமல், அடுத்தது வரும்வரை நிற்கவிட்டபோதுதான் சத்தம் நிறைந்தது. லீவு போட்டு உட்கார்ந்து எடுத்தேன். அந்தச் சோப்பு டப்பா மாதிரி இருந்த டூ-இன்-ஒன்னில் என் பேஸ் உருண்டு திரண்டு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொடுத்தேன். மாஸ்டர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டான். சொல்லி அனுப்புகிறேன் என்றான். அதோடு சரி. ரிகர்சலுக்குக் கூப்பிடவும் ஆள் வரவில்லை, கச்சேரிக்குக் கூப்பிடவும் ஆள் வரவில்லை.

ஆடி மாதம் நூம்பல் கோயில் திருவிழாவில் எங்கள் குழு என்று கேள்விப்பட்டுப் போய்க் கூட்டத்தில் நின்றேன். மேடையில் டிரம்ஸ் இல்லை. என் மூலையில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் ஒரு டேப் டெக். பாட்டு ஆரம்பித்ததும் கட்டிட உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து ரிதம் பாக்ஸ் தாளத்தோடு என் பேஸ் வந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் என் விரல். மாஸ்டரின் இடது கை சத்தம் வராத கட்டைகளின் மேல் துள்ளிக் குதித்து நாடகம் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஆள் என் தோளைத் தட்டி, அண்ணாத்தே, அந்த ஆளு ஒத்தக் கையில இன்னா போடு போட்றாரு பாரு என்று வியந்தான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆனால் ஒன்று, கூட்டம் மொத்தமும் என் பேஸுக்குத் தலையாட்டியது அன்றைக்குத்தான். நான் மேடையில் நின்ற காலத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

கச்சேரி முடிந்ததும் சட்டையைப் பிடித்து உலுக்குவது என்று முடிவு செய்து மேடைக்குப் பின்னால் போனேன். அவன் வெட்கமே இல்லாமல் பல்லைக் காட்டினான்.

"வா நைனா! கும்முன்னு வந்துச்சு, கேட்டியா? கேசட்ட திருப்பிப் போட்டா இன்னொரு பக்கம் காலியா கீது. டப்பாங்குத்து நாலு போட்டுக் குட்த்துடேன்."

அவன் மூஞ்சியில் காறித் துப்ப வேண்டிய என் வாய், "எந்தெந்தப் பாட்டு மாஸ்டர்?" என்று கேட்டது.