மணி அடித்துவிட்டு உள்ளே வந்தவர்கள்

இந்த நினைவு மலரின் அட்டைப்படத்தில் அப்பா உங்களைப் பார்க்கவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். எங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். பாதிப் பார்வை எங்கள்மீது, மீதி சிலாங்கூர் ஆற்றின்மீது. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வீட்டில் எழுதத் தெரிந்தவன் என்று நம்பப்படும் ஒரே காரணத்தால் இக்கட்டுரை என் தலையில் விழுந்தது. அந்த நம்பிக்கைக்கு நான் எவ்வளவு தகுதியானவன் என்பது போகப் போகத் தெரியும்.

அப்பா ராசா என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். தம் தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். தாயாரோடு ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போய், இரண்டு தங்கைகளைக் கரையேற்றினார். பின்னர் கோலா சிலாங்கூருக்கு வந்து, ஆற்றோரத்துப் பழைய சுங்கக் கட்டடத்தில் ஜாகாவாக, அதாவது காவலராக, வேலைக்குச் சேர்ந்தார். உடம்பு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டடத்தின் வரலாற்றை அவர் ஒருநாளும் இறந்தகாலத்தில் சொன்னதில்லை. முதலில் ஆற்றங்கரையில் கால் ஊன்றிய பலகைக் குடிசை நிற்கிறது. பிறகு செங்கல் வருகிறது, ஓடு வருகிறது, ஆற்றைப் பார்த்தபடி நீண்ட வராந்தா வருகிறது. காலைப் பனியில் கரையும் தெரிவதில்லை, தண்ணீரும் தெரிவதில்லை. கட்டடமே நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் புறப்பட்டதுபோல் இருக்கிறது. பனிக்குள்ளிருந்து சுமத்ராப் படகுகள் பிரம்பும் பாக்கும் கருவாடும் சுமந்து ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. அப்பா சொல்லச் சொல்ல, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குக் கால் நனையும். சாலை வந்தது, ஆற்றில் சேறு ஏறியது, படகுகள் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் போய்விட்டன, கட்டடத்தைப் பூட்டினார்கள் என்பதையெல்லாம் நாங்கள் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அப்பாவின் கதையில் அந்தப் பகுதியே கிடையாது.

வராந்தாப் படியேறினால் ஒரு வெண்கல மணி. படகு கண்ணில் பட்டதும் ஜாகா அதை அடிப்பார். சோதனைப் படகு உடனே ஆற்றில் இறங்கும். தோட்டங்களிலிருந்து ஏதாவதொரு தாளில் முத்திரை வாங்க வரும் நம் மக்களுக்கு இது எப்படித் தெரியும்? படி இருக்கிறது, தூண் இருக்கிறது, கைக்கெட்டும் உயரத்தில் மணி இருக்கிறது. செருப்பைக் கீழே விட்டு, மணியை அடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். சோதனைப் படகின் ஆட்கள் நான்கு பேர் தொப்பியைத் தேடியபடி படகுக்கு ஓடினார்கள்.

“யோவ், இது என்ன கோயிலா?” என்று ஆபீஸ் எழுத்தரான கிராணி, வந்தவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டாராம்.

“மன்னிச்சிருங்கையா. மணி தொங்குச்சு.”

“தொங்குனா அடிச்சிருவியா?”

“அடிக்காம எப்படிங்கையா உள்ள வர்றது?”

மணியை உயர்த்திக் கட்டும்படி அப்பாவுக்கு உத்தரவு வந்தது. கட்டினார். மறுவாரமே ஒருவர் குடைக்காம்பால் அடித்தார். கடைசியில் சோதனைப் படகுக்காரர்களே பழகிக்கொண்டார்கள். படபடவென்று கேட்டால் படகு. பக்தியோடு கேட்டால் நம்மவர். பக்தியோடு கேட்ட நாள்களில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார்கள்.

அப்பாவின் கடைசி ஆண்டில் அக்கட்டடத்தைச் செப்பனிட ஒரு குழு முன்வந்தது. வாசலில் வைக்கும் வரலாற்றுப் பலகைக்குத் தமிழ் வாசகம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். ‘வடசிலாங்கூரின் வணிக வளர்ச்சிக்கு மௌன சாட்சியாக நிற்கும்’ என்று தொடங்கினேன். நானே மெச்சிக்கொண்டு, சரி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

அவர் முழுவதும் கேட்டார். “நல்லாத்தான்லா இருக்கு. நம்ம ஆளுங்க எங்கடா?”

“அந்த மணி விஷயமாப்பா? அத எப்படிப் போடுறது? படிக்கிறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே. நீ இத்தன வருசமா பத்திரிகையில நகைச்சுவை எழுதுற. அதுக்கு யாரு சிரிச்சா?”

உண்மையில் எனக்கு வெட்கம். கோயிலுக்கும் ஆபீசுக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் என்று நம்மவரைப் பலகையில் எழுதி ஊருக்குக் காட்டுவதா? மாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மூன்று வாரம் மாற்றவில்லை. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் அலறியடித்துக்கொண்டு குழுவுக்குத் தொலைபேசினேன்.

“சார், போர்டு நேத்தே பிரிண்டுக்குப் போயிருச்சு. நீங்கதானே சார் ஓகேன்னு சைன் பண்ணீங்க?” என்றார் அங்கிருந்த பெண். அவர்மீது ஒரு குற்றமும் இல்லை.

அன்று பார்வையாளர் நேரத்தில் கட்டிலருகே போனதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “போட்டுட்டியா?”

“போட்டாச்சுப்பா.”

“என்னன்னு?”

பொய் சொல்வதிலும் முன்தயாரிப்பு வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. “தோட்ட மக்கள் தெய்வ நம்பிக்கையோடு...” என்று இழுத்தேன். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். “அப்படியில்லடா. எழுதிக்க” என்றார். அக்காள் தன் கைப்பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தார். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதினேன். மூச்சு வாங்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முடித்ததும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு சொல்லை மாற்றினார். இரண்டாம் நாள் மதியம் அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது. பலகையில் அந்த வரிகள் ஏறிவிடும் என்றே நினைத்துக்கொண்டு போனார்.

பலகையில் அவை இல்லை. மறுபடி அச்சிடும்போது சேர்க்கக் கேட்டிருக்கிறேன், பார்ப்போம் என்றிருக்கிறார்கள். அதுவரை இந்த மலர்தான் அந்தப் பலகை.

அப்பாவின் இறுதி நாள்களில் இரவு பகலாக உடனிருந்த அக்காளுக்கும் மாமாவுக்கும், அவரைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி புகட்டிய தாதியருக்கும், தேவாரம் பாட வந்த கோயில் நண்பர்களுக்கும், ஜெபம் சொல்ல வந்த எதிர்வீட்டுக் கிறிஸ்துவக் குடும்பத்தாருக்கும், சுங்கை பஞ்சாங்கிலிருந்து லோரியில் வந்து சேர்ந்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் பலகையில் எழுதாமல் விட்டதை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினால், அதைவிடப் பெரிய உதவி இல்லை. அப்பா சொன்னது சொன்னபடியே:

“எங்க ஆளுங்க கோயில்னு நெனச்சு மணி அடிச்சாங்க. நாங்க படகு எடுத்துக்கிட்டு ஓடுனோம். ஆத்துல ஒண்ணுமில்ல. திரும்பி வந்து பாத்தா அவங்க நின்னுக்கிட்டே இருந்தாங்க. உக்காருங்கன்னு சொன்னோம். அதுக்கு முன்னால எந்த ஆபீசுலயும் அவங்கள யாரும் உக்காரச் சொன்னதில்ல.”