தொட்டி உறைந்த நாள்

அவருக்கு நாலு டிகிரி என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. தொழிற்சாலையின் இரண்டாம் அறைக் குளிர் அது. அங்கே பதினெட்டு வருடம் வேலை பார்த்தார். ஆளும் அப்படித்தான். அபாய மணி அலறினாலும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

ரத்ததானம் செய்தவர்களின் பிளாஸ்மா, பாறையாக உறைந்த பைகளில் வரும். குளிர் விடாமல் மெல்ல இளக்கினால் வெள்ளையாக ஒரு கூழ் தங்கும். ஃபைப்ரினோஜன் என்ற புரதம் அதில்தான் இருக்கிறது. காயத்தை அடைக்க உடம்பு பின்னும் வலைக்கு நூல் அது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து தொட்டியில் கலக்குவது அவர் பொறுப்பு. நூலை வலையாக்குவது த்ராம்பின் என்ற இன்னொரு புரதம். அது மூன்றாம் அறையில் தூளாகும். கடைசியில் இரண்டும் தனித்தனி சிரிஞ்சில் போகும். வெட்டிய கல்லீரலில் தையல் நிற்காது, ஊசி நுழைந்த இடமெல்லாம் கிழியும். இரண்டு சிரிஞ்சையும் சேர்த்து அழுத்தினால் பத்து எண்ணுவதற்குள் ரத்தம் நிற்கும். தீக்காயத்தின் மேல் வைக்கும் தோலும் அதனால்தான் ஒட்டிக்கொள்ளும்.

த்ராம்பின் ஒரு துளி முன்னாலேயே பட்டால் தொட்டி முழுக்க உறைந்துவிடும். ஆகவே அந்த இரண்டு அறைகளுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. வாசல் வேறு, வாளி வேறு, சாப்பாட்டு நேரம் வேறு. மூன்றாம் அறையில் தூள் அடைத்தவள் அவருடைய மனைவி.

"அண்ணே, வீட்லயும் உங்களுக்குத் தனித்தனி வாசலா?" என்று கேட்காத ஆளில்லை.

"வாசல் ஒண்ணுதான். சாவி அவகிட்ட," என்பார்.

நாற்பதைத் தாண்டியதும் இருவருக்கும் எழுத்து மங்கியது. இருவருக்கும் ஒரே பவர். வீட்டில் எந்தக் கண்ணாடி கைக்குக் கிடைக்கிறதோ அது. ஒருநாள் அவர் தன்னுடையதை மறந்துவிட்டு வந்தார். அவள் சாப்பிட வெளியே வந்த நேரம், வாசலருகே நின்றார்.

"கண்ணாடியைக் குடு. லேபிள் படிச்சிட்டு உடனே தந்துடறேன்."

அவள் மேல்சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தாள். வீட்டில் நாளுக்குப் பத்துமுறை செய்வது, கை தானாகச் செய்தது. காலையிலிருந்து தூள் படிந்த மேல்சட்டை அது.

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது கண்ணாடி நழுவி விழுந்தது. கரண்டியால் எடுத்தார். அழுக்கு என்றுதான் நினைத்தார், வடிகட்டியில் போய்விடும். மூன்று மணிக்குக் கலக்கும் இயந்திரம் முனகி நின்றது. நூற்றிருபது லிட்டரும் ஒரே கட்டி. கரண்டியை நட்டால் நின்றது. எழுநூறு பேர் கையை நீட்டிக் கொடுத்தது.

தர அதிகாரி முதலில் எழுதியது துப்புரவு அக்காவின் பெயரை. இரண்டு வாசலுக்கும் போய்வருபவள் அவள் ஒருத்திதான்.

"ரெண்டு வாளிக்கும் ரெண்டு கலர் சார். எனக்குக் கலர் கூடவா தெரியாது?" என்று அழுதாள்.

மூன்றாம் அறையிலிருந்து ஒரு குண்டூசி வெளியே வந்தாலும் கொடுத்தவருக்கு வேலை போகும். அவர் அதிகாரியிடம் போனார். மனைவியைப் பார்க்கத் தானே மூன்றாம் அறைக்குள் நுழைந்து, உடை மாற்றாமல் திரும்பியதாகச் சொன்னார். கண்ணாடியைப் பற்றி மூச்சு விடவில்லை.

வீட்டில் அவள் கேட்டாள்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவ."

"சொல்லியிருப்பேன்தான்."

"வேலை போயிருக்கும்."

"இப்ப மட்டும் நான் நிம்மதியாவா அந்த அறைக்குள்ள போவேன்?"

ஆனாலும் போனாள். அதிகாரியின் கதவுவரை இருமுறை நடந்து இருமுறையும் திரும்பினாள். அதை அவரிடம் சொல்லவில்லை. அவரைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரே பெட்டியில் இரண்டு சிரிஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கும் வேலை. "கல்யாணத் தரகர் ஆயிட்டேன்," என்றார். ஓய்வு பெறும்வரை பன்னிரண்டு வருடம்.

பிறகு அவருடைய கல்லீரலிலேயே கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். ரத்தம் உடனே நின்றது என்றார் டாக்டர். "எங்க சரக்கா?" என்று கேட்டார் இவர். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மிச்சமிருந்த ஈரல்தான் வேலையை நிறுத்திக்கொண்டே வந்தது.

எட்டாம் நாள் மனைவியிடம் சொன்னார்: "அந்த ஃபைல்ல துப்புரவு அக்கா பேருதான் முதல்ல இருக்கு. அதை அடிக்கச் சொல்லணும்னு இருந்தேன். விட்டுப்போச்சு."

மறுநாள் காலை அவள் மகளை அழைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனாள். மகள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கண்ணால் பார்க்காத அளவைத் தாளில் எழுதக்கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். புதிய அதிகாரி நாற்காலி போட்டார். கண்ணாடி, மேல்சட்டை, கதவுவரை போய்த் திரும்பியது எல்லாவற்றையும் தாய் சொன்னாள்.

"அந்த வருஷத்து ஃபைல் எல்லாம் அழிச்சாச்சும்மா. நீங்க எழுதிக் குடுத்தா வாங்கிக்கறேன். ஆனா எதோட சேர்க்கறது?"

இருந்தும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவர் விழித்திருந்தார். "அடிச்சாங்களா?"

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். "அடிச்சாச்சுங்க. சிவப்பு மையில."

அவர் மகளைப் பார்த்தார்.

"நான் பார்த்தேன்பா," என்றாள் மகள். "தேதி போட்டாங்க."

"கீழ கையெழுத்து யாருது?"

"அம்மாவோடது."

அவர் தலையைத் திருப்பி மனைவியை வெகுநேரம் பார்த்தார். "சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன்."