பின்னால் நிற்கிறாள் பொன்னம்மை

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. பேய் என்றால் அமாவாசை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஏமாற்றம்தான். இதில் எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. அதுவும் உள்ளே கம்ப்யூட்டர் வைத்த ஒரு விலை உயர்ந்த காரில்.

காருக்குச் சொந்தக்காரர் குற்றாலலிங்கம். திருவனந்தபுரம் சாலைக் கம்போளச் சந்தையில் நல்லமிளகும் ஏலமும் மொத்த வியாபாரம். வீடு வலியசாலையில் ஒரு குறுகிய சந்துக்குள். விதுராவுக்கு மேலே மலையில் ஒரு மிளகுத் தோட்டம். அந்த மண்பாதைக்கு ஜீப்புதான் சரி. ஆனால் மனைவி பொன்னம்மைக்கு முட்டுவலி, ஜீப்பில் காலைத் தூக்கி வைக்க முடியாது. இரண்டுக்கும் பொருந்துகிற வண்டி கிடைக்காதா என்று அலையோ அலையென்று அலைந்து, கடைசியில் அந்த வெளிநாட்டு வேகனைப் பிடித்தார். காரைப் போலத் தாழ்வாக, நீளமாக இருக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் நாலு விரற்கடை உயர்ந்து சேற்றில் ஏறும். இன்னொன்றை அமுக்கினால் 'ஸ்ஸ்ஸ்' என்று மூச்சு விட்டுத் தாழும், பொன்னம்மை ஏறி உட்கார.

பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். பொன்னம்மை வண்டியைச் சுற்றி வந்து வாயில் கை வைத்தாள்.

"எம்மாடி, என்ன நீளம்! ஆளையே படுக்கப் போட்டுக் கொண்டு போலாமே."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சந்துக்குள் அந்த நீள வண்டியைப் பின்னால் எடுப்பது பெரும்பாடு. ரிவர்ஸ் போட்டதும் பின்பக்கக் கேமரா படம் காட்டும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு போடும், எதுவும் நெருங்கினால் பீப் பீப் என்று கத்தும். பொன்னம்மைக்கு அதிலெல்லாம் நம்பிக்கையில்லை. முதலில் முந்தானையால் கேமராக் கண்ணை ஒரு துடைப்பு. பிறகு வீட்டில் எப்போதும் உடுத்தும் வாடாமல்லி நிறச் சேலையோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

"சவத்துக் கேமரா என்னத்தக் கண்டுது? நான் நிக்கேம்லா. வாங்க... வாங்க..."

இடம் முடிந்ததும் வண்டி முதுகில் இரண்டு தட்டு. டப். டப்.

"போரும்."

குற்றாலலிங்கத்தின் கால் தானாகப் பிரேக்கில் இறங்கும். பழைய அம்பாசிடர் காலத்திலிருந்தே அப்படித்தான். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு தட்டுக்குத்தான் அவர் வண்டி நின்றது.

போன ஆனி மாதம் ஒரு சாயங்காலம் பொன்னம்மைக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்சுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. சீட்டை மடக்கி, பாய் விரித்து, அவளைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார். பழவங்காடி ஜங்ஷனில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. "இஞ்ச பாருங்க..." என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வார்த்தை வரவில்லை. தேங்காய் உடைத்த அதே இடம்.

அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள் ஆதிரா. அதனால் தைக்காட்டு மயானத்தில் அவரே கொள்ளி வைத்தார். அண்ணன் முறையான நயினார் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வச்சாச்சா? இனி திரும்பிப் பாக்கப்பிடாது. பாத்தா அவளுக்குப் போக மனசு வராது, கேட்டியா?"

குற்றாலலிங்கம் திரும்பவில்லை. தலையைக் குனிந்தபடியே நடந்து வந்து வண்டியில் ஏறினார். ஓட்ட வேறு யாரையும் விடவில்லை. பக்கத்தில் ஆதிரா துப்பட்டாவில் முகத்தைப் புதைத்திருந்தாள். பின்சீட்டில் நயினார்.

ரிவர்ஸ் போட்டார்.

திரையில் முதலில் ஒரு துணி தெரிந்தது. வாடாமல்லி நிறம். ஒரு துடைப்பு. பிறகு படம் தெளிந்தது.

பொன்னம்மை நின்றாள்.

காலையில் சிவப்புப் பட்டு உடுத்திதான் அனுப்பினார்கள். இப்போது வீட்டுச் சேலை. சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், எப்போதும் நிற்கிற இடம். கை மெல்ல ஆடியது. வாங்க... வாங்க...

அவர் பார்த்தார். திரும்பித்தானே பார்க்கக் கூடாது? வேறு யாராவது அந்த இடத்தில் இருந்து பார்க்காமல் இருந்துவிடுவார்களா, சொல்லுங்கள்.

பீப்... பீப்... பீப்...

டப். டப்.

வண்டி நின்றது. நயினார் நிமிர்ந்தார்.

"யாருடே வண்டியில தட்டுனது?"

குற்றாலலிங்கம் கியரை மாற்றி வண்டியை முன்னால் எடுத்தார்.

அன்றிலிருந்து மனுஷனுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பால் வாங்கப் போக வண்டி. பூ வாங்கப் போக வண்டி. எங்கே போனாலும் அவருக்கு வேண்டியது திரும்பி வந்து ரிவர்ஸ் போடுகிற அந்த ஒரு நிமிஷம்தான். அவள் தவறாமல் வந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி. முதலில் சிவப்புக் கோடு. பிறகு மஞ்சள். பிறகு பச்சையையும் தாண்டி, முற்றத்தின் கடைசியில், மதில் ஓரமாக. முகம் சரியாகத் தெரியவில்லை. வண்டி அவளை எட்டுவதற்குள் மதில் வந்துவிடும்.

ஒரு மத்தியானம் முற்றத்தில் சும்மா நின்ற வண்டி, சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, 'ஸ்ஸ்ஸ்' என்று தாழ்ந்தது. ஜன்னல் வழியாக ஆதிராவும் பார்த்தாள்.

அவள் அப்பாவைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எனக்குப் பேடியா இருக்கு அப்பா, ரொம்பப் பயமா இருக்கு. கழக்கூட்டத்துல என் ஆபீஸ் ஆளு ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வண்டி பாக்க வராரு. கொடுத்துடலாம். ப்ளீஸ்."

"உங்கம்ம அதுல இருக்கா மோளே."

"அம்மா போயாச்சு. நீங்களும் போனா எனக்கு ஆரு இருக்கா?"

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையை ஆட்டினார். ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. சந்தில்தானே இடமில்லை? தோட்டத்தில் நீளமான நேர்ப்பாதை இருக்கிறதே. அங்கே மதில் கிடையாது.

சனிக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் மலைக்குக் கிளம்பிவிட்டார். முந்தின நாள் முழுக்கப் பெய்த மழை விட்டிருந்தது. தோட்டத்துக்குள் மூடுபனி. வண்டியை உயர்த்திக்கொண்டு சேற்றில் ஏறி, நேர்ப்பாதை தொடங்குகிற இடத்திலேயே திருப்பி நிறுத்தினார். பாதையின் அடுத்த கோடியில், அவருக்குப் பின்னால், சரக்கு ஜீப்புகள் திரும்புகிற பெரிய களம். பல வருஷம் வண்டி திருப்பிய இடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவார்.

போன் அடித்தது. ஆதிரா. எடுக்கவில்லை.

ரிவர்ஸ் போட்டார்.

தூரத்தில் ஒரு வாடாமல்லிப் புள்ளி.

"வாறேன்" என்றார்.

வண்டி பின்னால் நகர்ந்தது. பாதை நீண்டுகொண்டே போனது. புள்ளி மெல்ல உருவமானது. இந்தத் தடவை அவள் கை ஆடவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வேண்டாம் என்பது போல...

அவர் நிறுத்தவில்லை. அவளில்லாத வீட்டுக்கு இனிப் போக முடியாது என்று அவருக்குத் தோன்றியது. போனவளோடு போய்விட்டால் போதும். அவ்வளவுதான் அவருக்கு அப்போது வேண்டியிருந்தது.

சக்கரம் சுழன்று சேற்றை வாரியடித்தது. திரை முழுக்கச் சேற்று நிறம். எதுவும் தெரியவில்லை.

ஆனால் சத்தம் கேட்டது.

பீப்...

பீப்... பீப்...

பீப்பீப்பீப்பீப்...

டப். டப்.

"போரும்."

காதோரம். அதே குரல்.

மனசு கேட்கவில்லை. கால் கேட்டது. முப்பது வருஷப் பழக்கம், பிரேக்கில் இறங்கிவிட்டது.

வண்டி நின்றது. பீப் சத்தமும் நின்றது.

திரையில் வாடாமல்லித் துணி ஒரு தடவை போய் வந்தது.

படம் தெளிந்தது. பொன்னம்மையின் முகம். இவ்வளவு பக்கத்தில் இதுவரை வந்ததில்லை. கண் இரண்டும் அழுது சிவந்திருந்தன. அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக விலகிக்கொண்டாள், அவர் பின்னால் இருப்பதைப் பார்க்கட்டும் என்று.

பின்னால் களம் இல்லை.

மண்ணே இல்லை. மூடுபனி மட்டும். கீழே எங்கோ மரங்களின் தலை.

"சாரே! அனங்ஙல்லே! அசையாதீங்க!" என்று பாதையில் ஒருவன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். பக்கத்துத் தோட்டத்து பிரபின். ஜீப்பில் கயிறு கட்டி, வண்டியை முன்னால் இழுத்த பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது. "இன்னலெ ராத்திரி மண்ணிடிஞ்ஞு போயி சாரே. களம் முழுவன் போயி. சார் எப்படி கரெக்டா அவிட நிறுத்தினீங்க?"

குற்றாலலிங்கம் சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவள் செத்த நாளில்கூட அவர் அப்படி அழவில்லை.

சாயங்காலம் வலியசாலைச் சந்தில் ரிவர்ஸ் போட்டார். திரையில் முற்றம், துவைகல், மதில். யாருமில்லை. ரொம்ப நேரம் ரிவர்ஸிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆதிரா ஓடி வந்து கதவைத் திறந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"போயிட்டா மோளே" என்றார். "போரும்னு சொல்லிட்டுப் போயிட்டா."

மறுநாள் ஞாயிறு. வாங்குகிறவர் வருவதற்குள் வண்டியைக் கழுவி வைக்கலாம் என்று ஆதிரா குழாயைத் திறந்தாள். வண்டியின் பின்பக்கம் முழுக்கச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. நம்பர் தெரியவில்லை. கண்ணாடி தெரியவில்லை. விளக்குகூடத் தெரியவில்லை.

"அப்பா..."

அவர் வந்து பார்த்தார்.

அத்தனை சேற்றுக்கும் நடுவில் கேமராவின் கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம், துணி முனையால் துடைத்த வட்டம். மலையில் பிரபின் பின்பக்கம் வரவேயில்லை. இவரும் தொடவில்லை. கேமராவைத் துடைக்க வேண்டுமானால் ஒருவர் வண்டிக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டிக்குப் பின்னால் காலூன்ற ஒரு பிடி மண் கிடையாது.

ஆதிரா குழாயை மூடினாள். வாங்க வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.