பஞ்சாபகேசன் அரித்த தங்கம்

பஞ்சாபகேசன் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் நவம்பர்தோறும் செய்யும் காரியம். முன்பு வங்கிக்குப் போய் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் போதும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மாடுங்கா வீட்டின் மூன்றாவது மாடி ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, மகள் ரஞ்சனா கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கண்ணைச் சிமிட்டுப்பா. மெதுவா."

"வேகமா சிமிட்டினா செத்துப்போயிட்டேன்னு எழுதிக்குமா?"

மூன்று தடவை முகம் பொருந்தவில்லை என்று வந்தது. சமையலறையிலிருந்து விஜயலக்ஷ்மியின் குரல் கேட்டது.

"மிஷினுக்கே அவரை நம்பறது கஷ்டமா இருக்கு போலிருக்கு."

நான்காவது தடவை பொருந்தியது. பஞ்சாபகேசன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு மகளிடம் "தேங்க்ஸ்" என்றார். ஆறு வாரமாக அப்படித்தான். தண்ணீர் கொடுத்தால் தேங்க்ஸ், விசிறியைப் போட்டால் தேங்க்ஸ். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசுவது மாதிரி.

அவர் பொய் சொல்லவில்லை என்பது அன்று மத்தியானமே ரஞ்சனாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொல்லவில்லை.

பஞ்சாபகேசன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் தபால் பிரிவில் இருந்தவர். வருகிற காகிதத்தில் நம்பர் போடுவார், போகிற காகிதத்தில் நம்பர் போடுவார். அத்தனை வருஷத்தில் ஒரு காகிதம் தொலைந்ததில்லை என்று ஓய்வுபெற்ற அன்று மேலதிகாரி மேடையில் சொன்னார். சக ஊழியர்கள் பதினெட்டு காரட்டில் ஒரு மோதிரம் போட்டார்கள். அதன் முகப்பில் ஆங்கில எழுத்து P.

தாலியை விட்டால் வீட்டில் தங்கம் என்று நின்றது அந்த மோதிரம் ஒன்றுதான். விஜயலக்ஷ்மி பாலக்காட்டிலிருந்து கொண்டுவந்த எட்டு வளையல்களும், கல்யாணமாகி நாலாம் வருஷம், செம்பூரில் அப்பளக் கம்பெனி தொடங்கிய மச்சினனுக்காகப் போயின. கம்பெனி ஒன்றரை வருஷம் நடந்தது. மச்சினன் அதன்பிறகு தீபாவளிக்குக்கூட வருவதில்லை. அன்றிலிருந்து விஜயலக்ஷ்மி கையில் கவரிங் வளையல்தான். வருகிறவர்கள் யாராவது "அழகா இருக்கே மாமி" என்றால் கையை நீட்டிக் காட்டுவாள். "கவரிங்தான். ஒரிஜினல் எட்டும் செம்பூர்ல அப்பளமா நொறுங்கிப் போச்சு. மாமாவைக் கேளுங்கோ, சொல்லுவார்." மாமா சொல்ல மாட்டார். செய்தித்தாளை மடிப்பார்.

கூடத்தில் பேச்சு இல்லாத மனிதர் சமையலறையில் ஒரே ஒரு வேலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். விஜயலக்ஷ்மிக்கு மணிக்கட்டு வலி வந்ததிலிருந்து, பதினோரு வருஷமாக அரிசி களைந்து கல் அரிப்பது அவர்தான். பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டி, அரிசியைத் தண்ணீரோடு சிறிது சிறிதாக வழியவிட்டு, அடியில் கல்லை மட்டும் நிறுத்துவார். கல் இல்லாத அரிசி பாக்கெட்டில் வருகிற இந்தக் காலத்திலும் விடவில்லை.

அக்டோபரில் கீழ்வீட்டு நகுல் ஏறி வந்தான். ஐரோலியில் வேலை பார்க்கிறவன். லீவு கிடைத்தால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவான்.

"மாமா, நிலம்பூர் பக்கம் நாலு நாள் ட்ரிப். காட்டோரமா நடக்கணும், டென்ட்ல தூங்கணும், கடைசி நாள் ஆத்து மணல்ல தங்கம் அரிக்க விடுவா. சும்மா விளையாட்டுக்கு. ஒருத்தன் வரலை, சீட் காலி. வரேளா?"

"தங்கமா?" என்றார் பஞ்சாபகேசன்.

"துணுக்கு மாமா. கண்ணுக்கே தெரியாது."

"அவரை அழைச்சிண்டு போடா," என்றாள் விஜயலக்ஷ்மி. "தங்கத்தை ஆத்துல விடறதுலே மாமாவுக்கு அனுபவம் உண்டு. எடுத்துப் பாக்கட்டும்."

அறுபத்தாறு வயதில், நகுலின் பழைய முதுகுப்பையில் இரண்டு வேட்டியும் ஒரு டார்ச்சும் வைத்துக்கொண்டு, குர்லாவில் ரயில் ஏறினார்.

அங்கே நடந்ததைப் பின்னால் நகுல் சொல்லித்தான் ரஞ்சனா கேட்டாள். ஏழு பேர் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து மரத்தட்டில் மணலை அள்ளி ஆட்டினார்கள். ஆறு பேரும் அரை மணியில் அலுத்துப்போய் செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்கள். மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை. தட்டைச் சாய்த்து ஆட்டி, வெள்ளை மணலை வழியவிட்டு, அடியில் கறுப்பு மண்ணை நிறுத்தினார். ஐந்து மணி நேரம். சொல்லிக்கொடுக்க வந்த ஆள், "சாருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒண்ணுமில்லை" என்று பீடி பற்றவைத்துக்கொண்டானாம். நாலு துணுக்கு கிடைத்தது. கடுகைக் கால்வாசி ஆக்கினால் எவ்வளவோ அவ்வளவு.

ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் தண்ணீர் விட்டு அவற்றைப் போட்டுக் கொண்டுவந்தார். குளிக்காமல்கூட விஜயலக்ஷ்மியின் கையில் கொடுத்தார்.

"விஜயம், இது உனக்கு."

அவள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதை எந்த விரல்லே போட்டுக்கறது?" என்றாள். ஆனால் குப்பி சுவாமி அலமாரியில் விளக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மறுநாள் எதிர்வீட்டு அம்மிணி மாமியிடம், "எங்காத்து மாமா ஆத்துல இறங்கி எடுத்தது. கடையில வாங்கினதில்லே" என்று சொன்னது ரஞ்சனா காதில் விழுந்தது. அப்பாவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். இரண்டு நாள் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தார்.

மூன்றாம் நாள் விஜயலக்ஷ்மிதான் சொன்னாள். "ரஞ்சு, உங்க மிஷின்ல வச்சுப் பாரேன். எத்தனை மாத்துன்னு தெரிஞ்சுக்கலாம்."

"தாராளமா," என்றார் பஞ்சாபகேசன். "எடுத்துண்டு போ."

ரஞ்சனா காட்கோபரில் ஒரு தங்கப் பரிசோதனை மையத்தில் தொழில்நுட்பப் பொறுப்பாளர். நகையை ஒரு பெட்டிக்குள் வைத்தால் எக்ஸ்ரே பட்டு, தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று திரையில் எண்கள் வரும். ஆற்றுத் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும். செம்பு பெரும்பாலும் இருக்காது. நகைத் தங்கத்தில் செம்பு சேர்ப்பது மனிதர்கள்.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் துணுக்குகளை வைத்தாள். நிற்கவில்லை, நழுவின. கைக்கு அகப்பட்ட ஒரு வட்டத் தகட்டில் ஒட்டுநாடாவால் ஒட்டினாள். எண்கள் வந்தன. தங்கம் எழுபத்தைந்து. செம்பு இருபது. மீதி வெள்ளி.

எழுபத்தைந்து என்றால் பதினெட்டு காரட்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் நேரத்தில் சொன்னாள். நகுலும் காப்பி குடிக்க வந்திருந்தான். தனியாக அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. எண் எண்தானே என்று இருந்தது.

"இது ஆத்துத் தங்கம் இல்லேப்பா. நகைத் தங்கம். பதினெட்டு காரட்."

விஜயலக்ஷ்மி தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். கணவரின் வலது கையைப் பிடித்து இழுத்து மோதிரத்தைப் பார்த்தாள். P என்ற எழுத்தின் கால் தேய்ந்திருந்தது. ஆறு வருஷம் போட்ட மோதிரம் தேயத்தான் தேயும்.

"மோதிரத்தை ராவ அரத்தை எங்கேன்னா வாங்கினேள்? லோஹார் சால் இரும்புக் கடையிலயா?"

"நான் அரிச்சது, விஜயம். தட்டுல நின்னுது. பாத்தேன்."

"மாமி, நானும் பாத்தேனே," என்றான் நகுல். "கறுப்பு மண்ணுக்கு நடுவுல..."

"நீ தட்டைப் பாத்தே. மாமா விரலைப் பாத்தியா?"

நகுல் காப்பியைக் குடித்தான். பஞ்சாபகேசன் மகளைப் பார்த்தார். கேள்வி கேட்கிற பார்வை. அவளிடம் அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

"நம்பர் பொய் சொல்லாதுப்பா," என்றாள் ரஞ்சனா.

அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். மோதிரத்தைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டார். குப்பி சுவாமி அலமாரியிலிருந்து இறங்கியது. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு தினமும் நடந்தது. காலையில் அவர் அரிசிப் பாத்திரத்தோடு குழாயடியில் நின்றால், "இன்னிக்கு எத்தனை கிராம் தேறித்து?" என்பாள் விஜயலக்ஷ்மி. அம்மிணி மாமி வந்தால், "வாங்கோ, மெதுவாப் பேசுங்கோ, உள்ள சுரங்கத்துல வேலை நடக்கறது." அம்மிணி மாமி சிரிப்பாள். ஒருநாள் ரஞ்சனாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் பாத்திரத்தோடு வாசலில் நின்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெயிலுமுத்து மையத்துக்கு வந்தார். தாராவியில் சின்ன நகைக்கடை வைத்திருப்பவர். முதல் நாள் கொடுத்த மூக்குத்தி ஒன்றுக்குப் பதினெட்டு காரட் என்று அறிக்கை போயிருந்தது. கவுன்ட்டரில் கையூன்றி நின்றார்.

"ஏக்கா, இருபத்திரண்டைப் போயிப் பதினெட்டுங்கியளே. எங்க தெருப் பூரா என்னைக் களவாணிங்கும்லா? நானே உருக்குன தங்கம். எனக்குத் தெரியாதா?"

"மிஷின் சொல்றது, அண்ணாச்சி."

"மிஷினு கெடக்கு. எதுமேல வச்சு எடுத்திய?"

ரஞ்சனா உள்ளே போய்ப் பார்த்தாள். மூக்குத்தி மிகச் சிறியது என்பதால் ஒரு வட்டத் தகட்டில் ஒட்டி எடுத்திருந்தார்கள். காலையில் மிஷினைச் சரிபார்க்க வைத்திருக்கும் தகடு. சுத்தச் செம்பு. பொருள் எக்ஸ்ரே படுகிற புள்ளியைவிடச் சின்னதாக இருந்தால், மிஷின் பின்னால் இருப்பதையும் சேர்த்துப் படிக்கும். முதல் மாசப் பாடம். பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டி மறுபடி வைத்தாள். தொண்ணூற்றொன்று புள்ளி ஏழு. இருபத்திரண்டு காரட்.

அவள் அந்தத் தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் பழைய ஒட்டுநாடாவின் பிசுக்கு இருந்தது.

வெயிலுமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டாள். புது அறிக்கை அடித்து முத்திரை வைத்துக் கொடுத்தாள். பத்து நிமிஷம் ஆனது.

"மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும். ஒத்துக்கிட்டியள்லா, அது போதும்," என்றார் அவர்.

சாயங்காலம் வீட்டில் கைப்பேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தபோது சொல்லியிருக்கலாம். அம்மா சமையலறையில் இருந்தாள். மறு பரிசோதனை செய்யாமல் எப்படிச் சொல்வது, கையில் புது எண் இருந்தால்தானே பேச்சு என்று ரஞ்சனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குக் குப்பி வேண்டும். குப்பியைக் கேட்டால் ஏன் என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் படலம் ஒன்றைக் கைப்பையில் எடுத்துவைத்திருந்தாள். புதன், வியாழன் இரண்டு நாளும் அது கைப்பையில் போய்விட்டு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, பஞ்சாபகேசன் அரிசியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "ஒரு மாதிரி இருக்கு" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். கீழ்மாடி டாக்டர் படியேறி வருவதற்குள் முடிந்துவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் விஜயலக்ஷ்மி, "அரிசியைப் பாதியிலே விட்டுட்டுப் போயிட்டார்" என்றாள். அழவில்லை. அந்த அரிசியைக் கீழே கொட்டவும் விடவில்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பென்ஷன் காகிதங்களுக்காக ரஞ்சனா அவருடைய ஃபைலைப் பிரித்தாள். எல்லாம் நம்பர் போட்டு வரிசையாக இருந்தன. கடைசியில் இருந்தது அவளுடைய மையத்தின் விண்ணப்பப் படிவம். மூன்று பிரதி. முதல் பிரதியோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்தக் குப்பி.

கவுன்ட்டரில் இருக்கும் சாயிராவுக்குப் போன் செய்தாள்.

"ஆமா தீதி, அங்கிள் வந்தார். போன மாசம், நீங்க லஞ்சுக்குப் போனப்போ," என்றாள் சாயிரா இந்தியில். "மூணு ஃபார்ம் கேட்டார். ரஞ்சனாகிட்ட இது போகக்கூடாது, வேற யாராவது டெஸ்ட் பண்ணணும்னார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னார். உங்களுக்கு ஆபீஸ்ல கெட்ட பேர் வரக்கூடாதாம்."

படிவத்தில் கட்டம் கட்டமாக, தபால் பிரிவு எழுத்தில் நிரப்பியிருந்தார். பொருள்: ஆற்றுத் தங்கம், நாலு துணுக்கு. பரிசோதனைக்குக் காரணம்: முந்தைய முடிவில் ஐயம். முந்தைய பரிசோதனை செய்தவர் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். பொருளின் உரிமையாளர்: திருமதி விஜயலக்ஷ்மி பஞ்சாபகேசன். உரிமையாளரின் கையொப்பம் வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

ரஞ்சனா முதல் பிரதியையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, இதுல ஒரு கையெழுத்து வேணும்."

"என்னது?"

"அப்பா எழுதி வச்சது. நான் அன்னிக்குத் தப்பா அளந்துட்டேம்மா. செம்புத் தகட்டுமேல வச்சு எடுத்தேன். அவர் அரிச்சது நெஜமாவே ஆத்துத் தங்கமாத்தான் இருக்கணும்."

விஜயலக்ஷ்மி கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டாள். படிவத்தை முழுக்கப் படித்தாள். பென்சில் குறியில் விரலை வைத்தாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"எந்தச் செவ்வாய்க்கிழமை?"

ரஞ்சனா சொன்னாள்.

விஜயலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றினாள். "வளையல் போன காகிதத்துலயும் நான் கையெழுத்துப் போட இப்படித்தான் பென்சில்ல குறி போட்டுண்டு வந்தார்," என்றாள். "அன்னிக்கு மூஞ்சிக்கு நேரே நின்னு வாங்கினார். இதுக்கு நான் என்ன சொல்லுவேன்னு பயந்துண்டு ஃபைலுக்குள்ள வச்சிருக்கார்."

பேனாவை வாங்கவில்லை. படிவத்தை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

ரஞ்சனா அதை ஃபைலில் இருந்த இடத்திலேயே வைத்தாள். மூன்று பிரதியிலும் தேதி போடவில்லை அவர். கையெழுத்து வாங்கிய பிறகு போடலாம் என்று விட்டிருக்கிறார்.