கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்த பேய்ப்படம்

இப்போதெல்லாம் வீட்டில் படம் போட்டால், எத்தனை வயதுக்கு மேல் பார்க்கலாம் என்று திரையின் மூலையில் ஓர் எண் வந்து நிற்கிறது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது காளவாசலில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. மாமா இருந்தார். கூடவே நானும் இருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். எங்கள் வீட்டில் அக்கா, நான், தம்பி. பக்கத்து வீட்டில் பெரியம்மாவும் அவருடைய இரண்டு பையன்களும். ஒன்பது பேர் ஷேர் ஆட்டோவில் அடைந்து தியேட்டருக்குப் போய், பாதிப் படத்தில் ஒரு பிள்ளை வீறிட்டு அழ, ஒன்பது பேரும் வெளியே வந்த சம்பவம் ஒருமுறை நடந்தது. அதற்குப் பிறகு அப்பா ஓர் ஏற்பாடு செய்தார். புதுப்படம் வந்தால் சனிக்கிழமை மாமா என்னை மட்டும் மேட்னிக்கு அழைத்துப் போவார். வந்து அவர் "போலாம்" என்றால் ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கிளம்பும்.

ஐந்து பிள்ளைகளில் என்னை மட்டும் ஏன் கூட்டிப்போகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. எனக்கு எட்டு வயது. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்பேன். மற்றபடி வீரன்தான். ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. தியேட்டரில் மாமா படத்தைப் பார்க்கவே மாட்டார், என் மூஞ்சியைத்தான் பார்ப்பார். சண்டை வந்தால் திரும்பிப் பார்ப்பார், ரத்தம் வந்தால் குனிந்தே பார்ப்பார். பாவம், மாமாவுக்குப் பயம், என்னைப் பார்த்துத் தைரியம் வரவழைத்துக்கொள்கிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவில் ஒரு பேய்ப்படம் வந்தது. போஸ்டரைப் பார்க்கவே நான் எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டியிருந்தது. பெரியம்மா பையன்கள் என்னை மொட்டைமாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூத்தவன்தான் பேசினான்.

"டேய், நீ மூஞ்சியச் சுளிச்சதுனாலதான் அந்தப் பாம்புப் படம் போச்சு. இதுலயும் அழுதன்னு வையி, கிரிக்கெட்டுல பந்து பொறுக்கக்கூட உன்னையச் சேக்க மாட்டோம்."

அந்த லீவில் எனக்கென்று இருந்தது கிரிக்கெட் ஒன்றுதான். இரண்டு நாள் யோசித்தேன். சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கிய கூலிங் கிளாஸ் ஞாபகத்துக்கு வந்தது.

"டேய் மாப்ள, தியேட்டருக்குள்ள என்னத்துக்குடா கூலிங் கிளாசு?"

"ஸ்டைலு மாமா."

"ரைட்டு. இன்னைக்குப் பேயே மயங்கி விழுகப் போகுது."

விளக்கு அணைந்ததும் கண்ணாடிக்குள்ளே கண்ணை இறுக மூடியவன், 'வணக்கம்' போட்ட பிறகுதான் திறந்தேன். ஆனால் காதுக்கு இமை கிடையாதே. அதற்கு மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் ஏறாத வாய்ப்பாடு அன்றைக்கு ஏறிவிட்டது. மாமா என் வாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார். எதுவும் நடுங்கவில்லை.

"பயமா இருந்துச்சாடா?"

"இம்புட்டுக்கூட இல்ல மாமா. சிரிப்புத்தான் வந்துச்சு."

வீட்டுக்கு வந்ததும், "புள்ளைக தாராளமாப் பாக்கலாம்" என்று அறிவித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இடைவேளைக்கு முன்பே பேய் வந்தது. நான் கூலிங் கிளாசுக்குள் பத்திரமாக இருந்தேன். முதலில் தம்பியின் அலறல் கேட்டது. அடுத்துப் பெரியம்மாவின் சின்னவன். கண்ணைத் திறந்து பார்த்தால் என்னை மிரட்டிய மூத்தவன் சீட்டுக்கு அடியில் இருந்தான். அக்கா மட்டும் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

மறுபடியும் ஒன்பது பேரும் வெளியே. "பச்சப்புள்ளைகளக் கூட்டிட்டு வர்ற படமாய்யா இது? என்னத்தத்தான் பாத்துட்டு வந்த?" என்று அப்பா ரோட்டிலேயே மாமாவைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் தோளில் கிடந்த தம்பிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வெளிச்சத்துக்கு வந்த பிறகும் அவன் கண்ணைத் திறக்கவில்லை. நான் தொங்கிய அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா என்னைப் பருத்திப்பால் வண்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லு மாப்ள. நேத்து அந்தப் பேயி என்ன கலரு சேல கட்டியிருந்துச்சு?"

"வெள்ளச் சேல மாமா."

"அது ஆம்பளப் பேயிடா."

கூலிங் கிளாசைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் அப்பாவிடம் அவரே வாங்கிக் கட்டிக்கொண்டார். தம்பி பாத்ரூமுக்குத் தனியாகப் போக மறுத்தான். துணைக்குப் போனது நான்தான். ஒருவனை ஒருவன் தைரியசாலி என்று நம்பி, கையைக் கோத்துக்கொண்டு போய்வந்தோம்.

அடுத்த படம் வந்தது. அப்பா மாமாவிடம், "இந்தத் தடவ பெரியவளக் கூட்டிட்டுப் போ. அவதான் தைரியமான புள்ள" என்றார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு உத்தியோகம் போனது மாதிரி இருந்தது.

"அவளக் கூட்டிட்டுப் போயி என்ன பண்ண மச்சான்? பேயி பக்கத்துல வந்து ஒக்காந்தாலும் தள்ளி ஒக்காருன்னு சொல்லுவா. நமக்கு இவன்தான் வேணும். இவன் தாங்கிட்டான்னா எல்லாப் புள்ளையும் தாங்கிரும்."

அப்பா, "அதுவும் சரிதான்" என்றார். அடுப்படியில் அம்மா சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் பெரியம்மா வீட்டுக்கு ஓடி, பையன்கள் இருவரையும் எழுப்பி உட்காரவைத்து, மூச்சிரைக்கச் சொன்னேன்: எங்கள் வீட்டிலேயே பெரிய தைரியசாலி நான்தான், அப்பாவே ஒத்துக்கொண்டுவிட்டார்.