பங்கில் வராத பூனை

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் எங்கள் ஊரெல்லாம் பக்கத்து ஜில்லாவோடு சேர்ந்த கொஞ்ச காலத்தில் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. அப்பாவும் பெரியப்பாவும் கூடப்பிறந்தவர்கள், அவர்கள் இரண்டு பேர்தான். நிலம், மாடு, அண்டா, வைக்கோல்போர், அரிவாள்மணை வரைக்கும் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு நடுவே மண்சுவர் எழுந்தது. கொல்லைப்புறத்தில் அந்தச் சுவர் ஒரு ஆள் இடுப்புக்கு வந்தபோது கிணற்றுக்குப் போகிற பாதை யாருக்கு என்று தகராறு வந்து கோர்ட் வரைக்கும் போய்விட்டது. கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. இத்தனை களேபரத்தில் பூனையைப் பங்கு போட யாருக்கும் தோன்றவில்லை.

சாம்பல் நிறம், வால் நுனியில் மட்டும் வெள்ளை. அந்தப் பாதிச் சுவரைத் தான் படுப்பதற்காகவே கட்டினார்கள் என்று அது முடிவு செய்துகொண்டது. காலையில் பெரியம்மா வீட்டில் பால் குடிக்கும். மத்தியானம் எங்கள் வீட்டில் மீன் கழுவுகிற இடத்தில் வந்து நிற்கும். எலி பிடித்தால் அது நம்ம பூனை, திருடினால் அந்த வீட்டுப் பூனை. இரண்டு வீட்டிலும் இதே சட்டம்தான்.

திருட்டு என்றால் சாதாரணத் திருட்டு இல்லை. என்னைப் பெற்ற ஆத்தா தயிர்ச்சட்டியை உறியில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். பூனை நெல்லுக் குதிர் மேல் ஏறி அங்கிருந்து உறிக்குத் தாவும். தாவத் தெரியுமே தவிர இறங்கத் தெரியாது. முன்னங்கால் இரண்டும் சட்டிக்குள், பின்னங்கால் இரண்டும் அந்தரத்தில், உறி இப்படியும் அப்படியும் ஆட, ஊரைக் கூட்டிக் கத்தும். ஆத்தா திட்டிக்கொண்டே இறக்கிவிட வேண்டும். இறக்கிவிட்டதும் நமக்கு ஏதோ ஒத்தாசை செய்துவிட்டு வந்ததுபோல ஓரமாய் உட்கார்ந்து காலை நக்கும்.

அப்பா கோபக்காரர். அவர் முன்னால் நாங்கள் சத்தமாய்த் தும்மக்கூட மாட்டோம். அவருக்குத்தான் அது கறி கொண்டுவந்து கொடுக்கும். வெறும் ரசம் வைத்த நாளாகப் பார்த்து, பாதி உயிரோடு ஒரு பல்லியையோ சுண்டெலியையோ அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முகத்தையே பார்க்கும். அப்பா கையை ஓங்குவார். ஓங்கிய கை ஒருநாளும் அதன் மேல் விழுந்து நான் பார்த்ததில்லை.

கட்டுமாவடிக் கருவாட்டை ஒருவர் சைக்கிளில் கொண்டுவருவார். தெருமுனையில் அவர் 'கருவாடே' என்று இழுத்துச் சத்தம் கொடுப்பது எங்கள் காதில் விழும் முன்பே பூனை போய் நிற்கும். வாலைத் தூக்கிக்கொண்டு, சம்பந்தி வீட்டாரை அழைத்து வருவதுபோல, சைக்கிளுக்கு முன்னால் நடந்து வரும்.

அந்த வருஷம் அது குட்டி போட்டது. எங்கே என்றால், பெரியப்பா கோர்ட்டுக்குக் கட்டிப் போவதற்காக வெளுத்து மடித்து வைத்திருந்த வேட்டியின் மேல். அன்றைக்கு முழுக்க எங்கள் அப்பா முகத்தில் ஒரு களை. மறுநாள் அது குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு சுவர் தாண்டி வந்து அப்பாவின் துண்டில் கொண்டு வைத்தது. களை போய்விட்டது. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். எங்கள் பூனை இரண்டே வீட்டை மாற்றி மாற்றி ஏழாக்கிக்கொண்டது.

கிணற்றுப் பாதைச் சண்டை முற்றியபோது அண்ணனும் தம்பியும் ஐயனார் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். இந்த வீட்டார் அந்த வீட்டாரோடு பேசினால், பேசியவர்கள் பிள்ளை விளங்காது. பிள்ளைகளை வைத்துச் சூடம் அணைக்க அந்த இரண்டு பேருக்கும் எப்படித்தான் மனசு வந்ததோ, நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பெரியம்மாவின் ஒரே மகளைக் குளத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆத்தாவுக்கு நான் ஒருத்தி, வயிற்றில் ஒன்று. எனக்கடுத்துப் பிறந்தது தங்கவில்லை. அந்தப் பிரசவத்தில் ஆத்தா பிழைத்ததே பெரிய பாடு, பெரியம்மாதான் மடியில் போட்டுக் காப்பாற்றினாள் என்று சொல்வார்கள். ஆத்தாவுக்குப் பிறந்த வீட்டில் ஆள் கிடையாது. பெரியம்மாவை 'அக்கா அக்கா' என்று சுற்றி வந்தவள். சத்தியத்துக்குப் பிறகு அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பதிலாகப் பூனையோடு பேச ஆரம்பித்தாள்.

"ஏ பூன, ரசத்துக்குப் புளி இல்லையாமே, இங்கிட்டு எடுத்து வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டுப் போ" என்பாள். சுவர் மேல் புளி உருண்டை இருக்கும். கொஞ்ச நேரத்தில் இருக்காது. அந்தப் பக்கம் பெரியம்மா, "பூனைக்கு மாசமாச்சே, பாரத்தத் தூக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையா?" என்று கேட்பாள். இதற்குச் சாடைப் பேச்சு என்று பெயர். ஊரில் சண்டைக்காரிகள் கோழியையும் நாயையும் வைத்துத் திட்டிக்கொள்வதற்காகக் கண்டுபிடித்தது. இவர்கள் இரண்டு பேரும் அதைப் புளிக்கும் விசாரிப்புக்கும் திருப்பிவிட்டார்கள். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. பூனை மேல் ஆத்தாவுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

நீங்கள் கேட்கலாம், சுவரைப் பார்த்தோ வானத்தைப் பார்த்தோ பேசினால் ஆகாதா என்று. ஆகாது. சத்தியத்தில் சந்து கண்டுபிடித்துப் போகிறவர்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. உயிருள்ள ஒன்றிடம்தான் பேச வேண்டும், அது கண்ணெதிரே இருக்க வேண்டும். பெரியம்மா இதில் ரொம்பக் கறார்.

வாய்தா நாள் ஒன்று வந்தது. அப்பாவும் பெரியப்பாவும் புதுக்கோட்டைக் கோர்ட்டுக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். இருந்ததே ஒரு பஸ்தான். ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் மற்றவர் கடைசி சீட்டில் உட்காருவார். கதிரறுப்புச் சமயம், தெருவில் ஈ காக்கை இல்லை.

ஆத்தாவுக்கு விடிந்ததிலிருந்தே வலி. அப்பாவிடம் சொல்லவில்லை. பஸ் போனதும் என்னை மருத்துவச்சி வீட்டுக்கு அனுப்பினாள். மருத்துவச்சி இன்னொரு பிரசவத்துக்காக அன்னவாசல் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். நான் ஓடிவந்து அதைச் சொன்னதும் ஆத்தாவின் முகம் போன போக்கு எனக்குப் பயமாக இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைக்கு நடந்தாள். பூனை வழக்கமான இடத்தில் படுத்திருந்தது.

"ஏ பூன, ஒனக்கு வலி எடுத்துருச்சு. மருத்துவச்சியும் ஊர்ல இல்ல. இந்தத் தடவ நீ பொழைக்க மாட்ட போல இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆத்தா, பூனதான் குட்டி போட்டு எம்புட்டு நாளாச்சே" என்றேன். ஆத்தா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் நின்றது.

"பூனைக்கு எப்பருந்து வலி?"

"விடிஞ்சதுலருந்து."

"பனிக்கொடம் ஒடஞ்சிருச்சா?"

"இப்பத்தான்."

பெரியம்மா கனத்த உடம்புக்காரி. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் சுவர் ஏறியதில் மண் பொலபொலவென்று சரிந்தது. பூனை மிரண்டு குதித்து எங்கேயோ ஓடிவிட்டது. பெரியம்மா இந்தப் பக்கம் இறங்கி ஆத்தாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடினாள். எதிரில் பூனை இல்லை.

என்னிடம் சொல்லலாம் என்றால் நானும் இந்த வீட்டாள்தானே. விரலால் மீசை வரைந்து காட்டி, பிடித்து வா என்று கையை ஆட்டினாள். ஆத்தாவை உள்ளே தாங்கிக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து ஆத்தா கத்துவது கேட்டது. பூனை வந்தால்தான் ஆத்தாவுக்குச் சரியாகும் என்று மட்டும் விளங்கிற்று. எப்படிச் சரியாகும் என்று யோசிக்க நேரமில்லை.

தொழுவத்தில் தேடினேன், வைக்கோல்போரில் தேடினேன், குதிர்மேல் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு எப்படியோ தோன்றியது. வாசலுக்கு ஓடி, தொண்டை கிழிகிற அளவுக்கு, 'கருவாடே' என்று இழுத்துக் கத்தினேன். எந்தக் கூரையிலிருந்து வந்ததோ, வாலைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போக எத்தனித்தது. அப்படியே அமுக்கிப் பிடித்தேன். கையெல்லாம் பிறாண்டியது. விடவில்லை.

உள்ளே கொண்டுபோனதும் பெரியம்மா பூனையைப் பார்த்து, "பூனைய வச்சிருக்கவுக, மொகத்த வாசப் பக்கம் திருப்பி உக்காரணும்" என்றாள். நிலைப்படியில் நான் தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். பூனை என் தோள் மேலாக அறைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. நடந்ததை நான் காதால் கேட்டேன், அது கண்ணால் பார்த்தது.

"பூன, கால மடக்கு."

"பூன, மூச்ச விட்டுறாத, பல்லக் கடிச்சுக்க."

"முக்கு பூன. இன்னும் ஒருக்கா. அம்புட்டுத்தேன்."

பூனை ஒவ்வொன்றுக்கும் 'மியாவ்' என்றது. சொன்னபடி செய்கிறதா என்று நான் அடிக்கடி தடவிப் பார்த்தேன். காலை மடக்கவுமில்லை, பல்லைக் கடிக்கவுமில்லை. வாலைத்தான் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சொன்ன பேச்சுக் கேட்காத பூனையால் ஆத்தா செத்துப்போகப் போகிறாள் என்று எனக்கு அழுகை அடங்கவில்லை. அதன் முதுகில் ஒரு குத்து வைத்து, "முக்கு, முக்கு" என்று நானும் கெஞ்சினேன்.

நடுவில் உள்ளே எந்தச் சத்தமும் இல்லாமல் போயிற்று. பெரியம்மா குரல் மாறியிருந்தது. "பூன, கண்ண மூடாத. என்னயப் பாரு. போன தடவ மாதிரி விட்ற மாட்டேன். நான் இருக்கேன்ல."

"அக்கா..." என்றாள் ஆத்தா.

சட்டென்று வாயைப் பொத்தினாற்போல அந்தச் சத்தம் நின்றது. "பூனைக்கு ஏது அக்கா? பேசாம முக்கு" என்றாள் பெரியம்மா. சொல்லும்போதே விம்மினாள்.

அதற்குப் பிறகு கேட்டது பிள்ளை அழுகிற சத்தம். பூனை என் தோளைக் கிழித்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவி ஓடியது. அன்று பிறந்த தம்பிக்கு இப்போது காலேஜ் போகிற பேரன் இருக்கிறான். என் தோளில் அந்தத் தழும்பு இருக்கிறது.

மருத்துவச்சி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்து ஆத்தா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பஸ் வருகிற நேரத்துக்கு முன்பே பெரியம்மா சுவர் ஏறிப் போய்விட்டாள். பூனைக்கு இரண்டு வீட்டிலும் பால் கிடைத்தது. எனக்கு மஞ்சள் பற்றுப் போட்டார்கள், அவ்வளவுதான். ஓடிப் பிடித்து வந்தவள் நான். இந்த அநியாயம் எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

அப்பா வந்து பிள்ளையைப் பார்த்தார். ஆத்தாவைப் பார்த்தார். "யாரு கூட இருந்தா?" என்றார்.

"பூனதான் இருந்துச்சு" என்றாள் ஆத்தா, நேராக அவர் முகத்தைப் பார்த்து.

நான் அதைச் சரி என்று தலையாட்டினேன். பூனை இருந்தது நிஜம்தானே. அப்பா கொல்லைக்குப் போய்ச் சரிந்து கிடந்த சுவர் மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் அவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் கொல்லைப்பக்க வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன், ஆத்தா என் பின்னால் பிள்ளையோடு வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார். ரொம்ப நேரம் செருமினார்.

"பூனைக்கு என்ன குட்டி?" என்றார்.

அப்பா வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார். "ஆம்பளக் குட்டி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பெத்தவளும் நல்லா இருக்கா" என்றார். அப்புறம், "அண்ணன் வீட்டுப் பூனைதான் காப்பாத்துச்சு" என்றார்.

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். சுவர் மேல் பூனை இல்லை. கிணற்றடியில் இல்லை. அது உள்ளே அடுப்பங்கரையில் குட்டிகளோடு தூங்கிக்கொண்டிருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும். பூனை எதிரில் இல்லாமல் பேசினால் சத்தியம் பலித்துவிடுமே, பிறந்த பிள்ளைக்கு ஆகாதே என்று எனக்குப் பதறியது. பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று எழுந்தேன். ஆத்தா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆத்தா, அங்க பூன இல்ல" என்றேன்.

"இருக்கட்டும், சத்தம் போடாத" என்றாள்.